என் கிணற்றில் ஒரு மூட்டை யூரியா

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். இரண்டரை ஏக்கர் செம்மண் காடு, ஏரிக்குக் கீழே 30 சென்ட் நெல் வயல், ஒரு கிணறு, இரண்டு கறவை மாடு. வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கிறார், வாரக் கடைசியில்தான் வருவார். அதனால் எட்டு வருடமாக வெள்ளாமை முழுக்க என் கையில். அத்தை, அதாவது என் மாமியார், கூட இருந்து சொல்லிக் கொடுப்பார்.

நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். தாய்ப்பால் போதவில்லை என்று குழந்தைக்கு மாவுப்பாலும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பார்க்க வந்த நர்சம்மா, எந்தத் தண்ணீரில் கலக்குகிறீர்கள் என்று கேட்டார். "கிணத்துத் தண்ணிதாங்க, நல்லா கொதிக்க வெச்சு ஆற வெச்சுதான் குடுக்கறோம்" என்றேன். ஒரு தடவை பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் மாவட்டத்தில் தண்ணீர்ப் பரிசோதனை என்றாலே எல்லோருக்கும் நினைவு வருவது புளோரைடுதான். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அதனால் தருமபுரியில் கொடுத்த மாதிரிக்கு முடிவுத் தாள் வந்ததும் முதலில் புளோரைடு வரியைத்தான் பார்த்தோம். அளவுக்குள் இருந்தது. அத்தை சாமி படத்துக்கு முன்னால் கற்பூரமே ஏற்றிவிட்டார். மறுநாள் வந்த நர்சம்மா அதே தாளில் இரண்டு வரி கீழே விரலை வைத்தார். நைட்ரேட், லிட்டருக்கு 90 மில்லிகிராம். குடிக்கும் தண்ணீரில் 45க்கு மேல் இருக்கக் கூடாது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால் கலந்தால், வயிற்றில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி ரத்தத்தில் சேரும், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய் உதடும் நகமும் நீலம் பாரிக்கும் என்று அவர் சொன்னபோது எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. எங்கள் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். பீங்கான் 'கேண்டில்' வடிகட்டியிலும் போகாது. ஆர்.ஓ. கருவியில் பெருமளவு குறையும். அன்று சாயங்காலமே ஒகேனக்கல் குழாய்த் தண்ணீருக்கு மாறினோம். தெருக்குழாயில் வரும் தண்ணீரை ருசி பிடிக்கவில்லை என்று அதுவரை மாட்டுக்குத்தான் காட்டிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சில பரிசோதனைக் கூடங்கள் நைட்ரேட் என்று போடும், சில நைட்ரேட்–நைட்ரஜன் என்று, அதாவது நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் போடும். இரண்டாவது கணக்கில் எல்லை 10 மில்லிகிராம் போல. தாளில் 20 என்று பார்த்துவிட்டு, 45க்குக் கீழேதானே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. எந்தக் கணக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

சரி, இந்த நைட்ரேட் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. என்னிடம் மண்வள அட்டை இருந்தது. அதில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், "குறைவு" என்று போட்டிருந்தது. எக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு என்பது அந்த அட்டையின் கணக்கு. குறைவு என்று பார்த்துத்தான் வருடா வருடம் யூரியாவைக் கூட்டிக்கொண்டே போனேன். மண்ணில் குறைவு, கிணற்றில் அதிகம். இது எப்படிப் பொருந்தும்?

பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு பயிற்சிக்குப் போனபோது இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த மேடம் ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். யூரியா மண்ணில் விழுந்த சில நாளில் அமோனியமாக மாறும். அது மண்ணோடு ஒட்டி நிற்கும். பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும். களித்துகளுக்கும் நைட்ரேட்டுக்கும் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒட்டாது, தண்ணீர் போகும் வழியில் கூடவே போகும். எங்கள் செம்மண்ணோ மணல் கலந்தது, மக்கும் பொருள் குறைந்தது. ஒரு கனமழை, இல்லை ஒரு நாள் அளவுக்கு மீறி மோட்டார் ஓடினால் போதும், வேரைத் தாண்டி இறங்கிவிடும். வேரைத் தாண்டியது பிறகு கிணற்றுக்குத்தான். மண்ணில் குறைவாக இருப்பதும் கிணற்றில் அதிகமாக இருப்பதும் ஒரே காரணத்தால்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. மண் பிடித்து வைக்காததால் குறைவு. பிடித்து வைக்காத மண்ணில் மேலும் மேலும் கொட்டினால் கீழேதான் போகும்.

அன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு ஏக்கர் தக்காளிக்கு நான் போட்டதை எல்லாம் எழுதிக் கூட்டினேன். அதுவரை மூட்டைக் கணக்கில்தான் யோசித்திருக்கிறேன், தழைச்சத்து எத்தனை கிலோ என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கணக்கு ரொம்பச் சுலபம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. இப்போது மூட்டை 45 கிலோ, ஆக ஒரு மூட்டைக்கு 20.7 கிலோ. டி.ஏ.பி.யில் 18 சதவீதம், 50 கிலோ மூட்டைக்கு 9 கிலோ. பதினேழு–பதினேழு காம்ப்ளெக்ஸ் உரத்தில் 17 சதவீதம், 50 கிலோ மூட்டைக்கு எட்டரை கிலோ. நான் போட்டது டி.ஏ.பி. 2, காம்ப்ளெக்ஸ் 3, யூரியா 4 மூட்டை. கூட்டினால் 126 கிலோ. கலப்பினத் தக்காளிக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது எக்டேருக்கு 200 கிலோ, அதாவது ஏக்கருக்கு 80 கிலோ. மாட்டெருவை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நன்றாக மக்கிய தொழுஉரத்தில் டன்னுக்கு 5 கிலோ தழைச்சத்து இருக்கும். முதல் பயிருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போலக் கிடைக்கும். "ஆட்டெரு அந்த வருசம், மாட்டெரு மறுவருசம்" என்று அத்தை சொல்வது இதைத்தான். போன வருடம் போட்ட எரு இந்த வருடம் வேலை செய்துகொண்டிருக்கும்போது நான் அதன் மேல் யூரியாவை இறைத்துக்கொண்டிருந்தேன்.

இதோடு முடியவில்லை. மேடம் கேட்ட இன்னொரு கேள்வி என் கணக்கையே புரட்டிப் போட்டது: "பாசனத் தண்ணீரில் வரும் தழைச்சத்தைச் சேர்த்தீர்களா?" எங்கள் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 10,000 லிட்டர் இறைக்கும். சொட்டுநீரில் தக்காளிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மணி நேரம் விடுகிறோம். மழை நாள் போக ஒரு பயிருக்கு 50 தடவை என்று வைத்துக்கொண்டால் 10 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 90 மில்லிகிராம் நைட்ரேட் என்றால் அதில் தழைச்சத்து 20 மில்லிகிராம். 10 லட்சம் லிட்டருக்கு 20 கிலோ. சரியாக ஒரு மூட்டை யூரியா! காசு கொடுத்து வாங்கி, சுமந்து வந்து போட்ட யூரியா கிணற்றில் கரைந்து கிடக்கிறது. மோட்டார் போடும்போதெல்லாம் செடிக்குத் திரும்பிப் போகிறது. அது தெரியாமல் நான் இன்னொரு மூட்டை வாங்கிக்கொண்டிருந்தேன்.

கிணற்று நீரில் நைட்ரேட் அதிகம் என்று யாருக்காவது முடிவு வந்தால் குடிப்பதை உடனே நிறுத்துங்கள். பாசனத்துக்கு அது உரத் தண்ணீர். நைட்ரேட் அளவை 4.4 ஆல் வகுத்தால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் தழைச்சத்து என்று கிடைக்கும். அதுவே 10 லட்சம் லிட்டருக்கு அத்தனை கிலோ. அந்த அளவை உரக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மண்ணில் சேர்ந்ததைச் செடியின் வழியாகவே திரும்ப எடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு அதிகமாக ஏன் போட்டேன் என்று யோசித்தால், பயம்தான். பக்கத்துக் காடு கரும்பச்சையாக இருக்கும்போது நம் காடு வெளுத்துத் தெரிந்தால் மனசு கேட்காது. விலையும் ஒரு காரணம். 2010ல் மத்திய அரசு உர மானிய முறையை மாற்றியபோது மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலை ஏறியது, யூரியா மட்டும் பழைய கட்டுப்பாட்டிலேயே நின்றது. ஒரு மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஒரு ஆள் கூலிகூட இல்லை. மலிவாகக் கிடைக்கும் பொருளை எடை போட்டுச் செலவழிக்க யாருக்கும் தோன்றாது. ஒரு கடையில், "பயிர் ஊக்கி" பாட்டில் ஒன்று வாங்கினால்தான் யூரியா தருவேன் என்று சொன்னதால் பாட்டிலையும் வாங்கி, அதையும் அடித்து, இன்னும் பச்சையாக்கினேன். அந்தப் பாட்டில் காசு இன்றும் எனக்கு வலிக்கிறது.

பச்சை கூடியதில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன், தக்காளி போடுகிறவர்களுக்கு உதவும். செடி இடுப்பளவு வந்தது, தண்டு கட்டைவிரல் தடிமன். பூ நிறைய வந்து உதிர்ந்தது. வெள்ளை ஈ அந்த இளம்பச்சைத் தளிரைத் தேடி வந்தது, அதன் பின்னால் இலைச்சுருட்டு நோய் வந்தது. காயின் அடியில் கறுத்து அழுகியது. அமோனியம் அதிகமானால் செடி சுண்ணாம்புச்சத்தை எடுப்பது குறைந்துவிடும் என்பதால் அப்படி ஆகும். பழுத்த பழமும் மெத்தென்று இருந்தது. பாலக்கோடு மண்டியில் பெட்டியைக் கொட்டிப் பார்த்த வியாபாரி, "இது சென்னை போய்ச் சேராதும்மா" என்று விலையைக் குறைத்தார். விலை சரிந்த நாளில் பழத்தை ரோட்டோரம் கொட்டிவிட்டு வருகிற ஊர் இது. பழம் கெட்டியாக இருந்தால் இரண்டு நாள் தாங்கி விலைக்குக் காத்திருக்கலாம். அந்த இரண்டு நாளை நானே யூரியா போட்டுக் கெடுத்துக்கொண்டேன்.

மறு வருடம் ஏக்கரை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியில் வழக்கப்படி. மறுபாதியில் கிணற்றுத் தண்ணீரையும் எருவையும் கழித்துவிட்டு யூரியாவைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். அதையும் அள்ளி இறைக்காமல், உரக் கரைசலை உறிஞ்சிக் குழாயில் கலந்துவிடும் வெஞ்சுரி வழியாகச் சொட்டுநீரில் வாரம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். நட்ட முதல் மூன்று வாரம் ஒன்றுமே கொடுக்கவில்லை. சின்னச் செடிக்கு வேர் எங்கே இருக்கிறது, எடுப்பதற்கு? பூ விட்டுக் காய் பிடிக்கும் காலத்தில்தான் அதற்குப் பசி. தண்ணீர் விடும் இரண்டு மணி நேரத்தில் உரக் கரைசலை நடுவில் விட வேண்டும். முதலிலேயே விட்டால் மீதி நேரத் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு கீழே போய்விடும். கடைசியில் விட்டால் குழாயிலேயே தங்கும். முக்கால் மணி தண்ணீர், பிறகு உரம், கடைசி இருபது நிமிடம் வெறும் தண்ணீர். இந்தச் சின்ன ஒழுங்குதான் மூட்டையைக் குறைத்தது என்பது என் அனுபவம்.

முடிவில் பெட்டிக் கணக்கில் இரண்டு பாதிக்கும் ஐந்தாறு பெட்டிதான் வித்தியாசம். குறைத்த பாதியில் மருந்து மூன்று தடவை குறைவாக அடித்தோம். முதல் பறிப்பு ஒரு வாரம் முந்தியே வந்தது. அத்தை கண்ணுக்கும் அது தெரிந்தது. "இந்தப் பக்கத்துப் பழம் கல்லு மாதிரி இருக்குது கண்ணு" என்றார்.

அடுத்த வருடம் ஆர்வக் கோளாறில் இன்னும் குறைத்தேன், அது தப்பாகிவிட்டது. நாலாவது பறிப்புக்கு மேல் அடி இலை எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது, காய் சிறுத்தது. கிணற்றுத் தண்ணீரில் வரும் தழைச்சத்து பயிர்க்காலம் முழுவதும் ஒரே சீராக வரும். செடியின் தேவை அப்படி இல்லை, நடுவில் உச்சத்துக்குப் போகும். அந்த உச்சத்துக்குக் கைவசம் வைத்திருக்க வேண்டும். இலை வெளுப்பதில் ஒரு அடையாளம் தெரிந்துகொண்டேன். கீழ் இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை, செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்கிறது. மேல் தளிர் முதலில் வெளுத்தால் அது இரும்புச்சத்தோ கந்தகமோ. அதற்கு யூரியா போட்டுப் பயனில்லை. நான் எத்தனையோ தடவை தளிர் வெளுத்ததைப் பார்த்து யூரியா அள்ளியிருக்கிறேன்.

நெல்லுக்கு இந்தச் சிரமம் குறைவு, இலை வண்ண அட்டை இருக்கிறது. பச்சையின் சாயல்கள் வரிசையாக அச்சடித்த கையளவு அட்டை. நட்ட 14ஆம் நாள் தொடங்கி வாரம் ஒருமுறை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், முழுதாக விரிந்த மேல் இலையில் வைத்துப் பார்க்க வேண்டும். வெயில் நேரே படாமல் நம் நிழலில் வைத்துப் பார்ப்பது முக்கியம். பத்து இலையில் ஆறு இலை குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே போனால் மட்டும் யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. எங்கள் 30 சென்ட்டுக்கு ஒரு தடவைக்கு 8 கிலோ போதும். அட்டை வந்த முதல் பருவத்தில், நாள் கணக்குப் பார்த்து நான் போட இருந்த ஒரு மேலுரம் தேவையே படவில்லை. பக்கத்து வயல் பெரியப்பா, "வெளுத்துக் கெடக்குது, போடும்மா" என்று இரண்டு தடவை சொன்னார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். அந்த வருடம் குலைநோய் அவர் வயலில் வந்தது, காற்றுக்கும் சாய்ந்தது. மறு பருவம் என்னிடம் வந்து அட்டையைக் கேட்டு வாங்கிப் போனார்.

யூரியாவை எப்படிப் போடுகிறோம் என்பதிலும் இழப்பு இருக்கிறது. காய்ந்த மண்ணின் மேல் வெயிலில் தூவிவிட்டு, மின்சாரம் வந்தால் நாளைக்குத் தண்ணீர் விடலாம் என்று விட்டால் அமோனியாவாகக் காற்றில் போய்விடும். மூக்கைக் காட்டினாலே தெரியும். தேங்கி நிற்கும் வயலில் போட்டால் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும். அது கரியமிலவாயுவைவிட ஏறக்குறைய 270 மடங்கு சூட்டைக் கூட்டுவது. நெல்லுக்கு நாங்கள் தண்ணீரை வடித்துவிட்டு, யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு என்று முதல் நாளே கலந்து வைத்துப் போடுகிறோம். 2015லிருந்து யூரியா வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. ஆனாலும் அத்தைக்குப் புண்ணாக்கு கலக்காமல் மனசு ஆறாது, நானும் தடுப்பதில்லை.

கிணற்றுக்கு வருகிறேன். எல்லாப் பழியையும் யூரியா மேல் போட்டால் அது நியாயம் ஆகாது. கிணற்றுக்கு மேட்டுப் பக்கம், முப்பதடி தூரத்தில் எங்கள் குப்பைக்குழி இருந்தது. அதை ஒட்டி மாட்டுக் கொட்டகை. கொட்டகை கழுவிய தண்ணீர் அப்படியே குழியில் போய் ஊறும். கொஞ்சம் தள்ளிக் கழிப்பறைக் குழி. மாடு தின்னும் தழைச்சத்தில் பாலில் போவது ஏறக்குறைய கால் பங்குதான். மீதி சாணத்திலும் கோமியத்திலும் வெளியே வருகிறது. சாணத்தைப் பொக்கிஷமாகச் சேர்த்த நாங்கள், அதைவிடச் சீக்கிரம் பயிருக்குக் கிடைக்கும் கோமியத்தை இத்தனை வருடமும் கிணற்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அந்தக் குழியை மூடிவிட்டு, கிணற்றுக்குப் பள்ளப் பக்கம் தள்ளிப் புதிதாக ஒன்று வெட்டினோம். அடியில் களிமண் போட்டு இறுக்கி, மேலே தென்னங்கீற்றுக் கூரை போட்டோம். செலவு அதிகம் இல்லை, இரண்டு நாள் ஆள் கூலியும் கீற்றும்தான். கூரை இல்லாத குழியில் மழை சத்தைக் கரைத்துக்கொண்டு போகும், வெயில் அமோனியாவாக ஓட்டும். கொட்டகைத் தரையில் ராத்திரி கேழ்வரகுத் தாள், கடலைத்தோல், காய்ந்த புங்கன் இலை எது கிடைக்கிறதோ அதைப் பரப்புகிறோம். கோமியத்தை அது குடித்துக்கொள்ளும், காலையில் சாணத்தோடு வாரிக் குழியில் போடலாம். கழுவும் தண்ணீரைச் சின்ன வாய்க்காலாக வெட்டிக் கம்பு நேப்பியர் புல்லுக்கு விட்டோம். உரமே போடாமல் அந்தப் புல் வளர்கிற வேகத்தைப் பார்த்தால், அதுவரை என்னென்ன கிணற்றுக்குப் போயிருக்கும் என்பது தெரியும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யூரியா கரைத்த வாளியைத் தொழுவத்துப் பக்கம் வைக்காதீர்கள். உப்பு ருசிக்கு மாடு குடித்துவிட்டால் பிழைப்பது கஷ்டம். எங்கள் ஊரிலேயே ஒரு சினை மாடு அப்படிப் போனது. மழை பொய்த்து வாடி நிற்கும் சோளத்தட்டுக்கு யூரியா போட்டு, அதை அறுத்து உடனே போடுவதும் ஆபத்து. தட்டிலேயே நைட்ரேட் தேங்கி நிற்கும்.

இனி அத்தையின் பங்கு. எனக்கு முன்பு இந்தக் காட்டில் ஆடிப்பட்டத்துக் கேழ்வரகில் ஆறு சாலுக்கு ஒரு சால் அவரையோ துவரையோ போட்டு, ஓரத்தில் கடுகு தூவுவார்களாம். தக்காளி வந்த பிறகு அவரையை நான்தான் நிறுத்தினேன், களை எடுக்க இடைஞ்சல் என்று. பயிற்சிக்குப் போய் வந்த பிறகு அத்தையிடம் கேட்டு மறுபடி போட ஆரம்பித்தேன். காற்றில் 78 சதவீதம் தழைச்சத்துதான். ஆனால் செடி அதை நேராக எடுக்க முடியாது. தொழிற்சாலையில் எரிவாயுவைச் செலவழித்து எடுக்கலாம், இல்லாவிட்டால் அவரை, துவரை, கொள்ளு வேரில் இருக்கும் பாக்டீரியா எடுத்துக் கொடுக்கும். பூப்பூக்கும் சமயம் ஒரு செடியைத் தோண்டி எடுத்து வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. எங்கள் முதல் வருட அவரையில் முடிச்சே சரியாக இல்லை. காரணம், அந்தத் துண்டில் போன தக்காளிக்குப் போட்ட தழைச்சத்து நிறைய மீதி இருந்தது. கையில் காசு இருக்கிறவன் கடன் கேட்க மாட்டான், அவரைச் செடியும் அப்படித்தான். மறு வருடம் விதைக்கு அந்த வேர் பாக்டீரியாவான ரைசோபியம் கலந்து, மானாவாரித் துண்டில் போட்டபோது முடிச்சு மணி மணியாக இருந்தது.

இதிலிருந்து பயிர்ச் சுழற்சியை மாற்றிக்கொண்டேன். தையில் நட்ட தக்காளி வைகாசி, ஆனியில் முடியும். அதன் பிறகு காட்டைச் சும்மா போட்டால், மண்ணில் மீந்த நைட்ரேட் முழுவதும் ஐப்பசி மழையில் கீழே போய்விடும். அதனால் தக்காளிக் குச்சியைப் பிடுங்கிய கையோடு ஒரு உழவு ஓட்டி, ஆடியில் கேழ்வரகு. அதற்கு அடியுரமும் இல்லை, மேலுரமும் இல்லை. மானாவாரிக் கேழ்வரகுக்கு ஏக்கருக்கு 16 கிலோ தழைச்சத்துதான் பரிந்துரையே, ஒரு மூட்டை யூரியாவைவிடக் குறைவு. அதைவிட அதிகமாகவே தக்காளி விட்டுவிட்டுப் போகிறது. கேழ்வரகு வேர் பஞ்சு மாதிரி பரவி அதைப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சுழற்சியில் எனக்குக் கிடைத்த கேழ்வரகில் உரச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. மேட்டுத் துண்டில் அவரை, துவரை, புரட்டாசியில் கொள்ளு. எங்கள் பக்கத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கொள்ளு ரகம்தான் போடுகிறோம்.

பசுந்தாள் உரச்செடியான தக்கைப்பூண்டில் ஒரு பாடம் பட்டேன். நெல்லுக்கு முன் விதைத்து, டிராக்டர் கிடைக்காமல் தள்ளித் தள்ளிப் போய், 45 நாளில் மடக்கி உழ வேண்டியதை 65 நாளில், தண்டு நாரான பிறகு உழுது, நான்காம் நாளே நாற்று நட்டேன். நாற்று மஞ்சளாகவே நின்றது. நாரான தண்டை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருந்த தழைச்சத்தை முதலில் தாங்கள் எடுத்துக்கொண்டன. பூ எடுக்கத் தொடங்கும்போதே மடக்கி உழுதுவிட வேண்டும். டிராக்டருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் இதில் பெரிய வேலை. முடியாது என்று தெரிந்தால் அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடலாம்.

ஜீவாமிர்தம் பற்றி இயற்கை விவசாயம் செய்யும் தோழிகள் கேட்பார்கள். நானும் விடுகிறேன், மண்புழு கூடியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அதையே தழைச்சத்துக்கு நம்பி உட்காரக் கூடாது என்பது என் கருத்து. 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ பயறு மாவு. மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 200 லிட்டரில் தழைச்சத்து கால் கிலோ தேறினால் அதிகம். தக்காளி ஆயிரம் கிலோ காட்டை விட்டுப் போனால் பழத்தில் மட்டும் ஒன்றரை கிலோ போல எடுத்துக்கொண்டு போகிறது. போனதை ஏதோ ஒரு வழியில் திரும்ப வைக்க வேண்டும். அது எருவாக இருக்கலாம், ஆட்டுப்பட்டியாக இருக்கலாம், அவரை வேராக இருக்கலாம், அளந்து போட்ட யூரியாவாகவும் இருக்கலாம். யூரியாவே தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்றும் ஏக்கர் தக்காளிக்கு ஒன்றரை மூட்டை வாங்குகிறேன்.

தண்ணீர்ப் பரிசோதனையை வருடத்துக்கு இரண்டு தடவை கொடுக்கிறோம், மார்கழியில் ஒன்று, சித்திரையில் ஒன்று. மழைக்குப் பின் ஒரு அளவு வரும், கோடையில் வேறு அளவு வரும், ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. முதல் இரண்டு வருடம் எண் அசையவே இல்லை. ஏற்கெனவே கீழே இறங்கியது வந்து சேர்ந்துகொண்டிருக்கும், பொறுமையாக இருங்கள் என்றார் மேடம். மூன்றாம் வருடம் நல்ல மழை, 78 வந்தது. போன சித்திரையில் 66. இதில் மழையின் பங்கு எவ்வளவு, குழியை மாற்றியதன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது. எண் குறையக் குறையக் கிணறு கொடுக்கும் தழைச்சத்தும் குறையும் என்பதால் உரக் கணக்கையும் வருடா வருடம் திருத்திக்கொள்கிறேன். 66க்கு 15 கிலோ.

நாத்தனார் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். விடுமுறைக்கு வந்தால் கிணற்றுப் படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருப்பாள். குடிக்கக் கேட்டால் மட்டும் வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர்ப் பானைக்கு அனுப்புகிறோம். 45க்கு இன்னும் 21 இருக்கிறது.